ஆளுக்கொரு ஸ்பேனர்

நாற்சந்தியின் நடுவில் வண்டி நின்றுபோனபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்த கடியில் தாடைதான் வலித்தது. சிவப்பு விளக்கில் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்த இன்ஜின், பச்சை விழுந்ததும் ஒரு விக்கலோடு அடங்கிவிட்டது. பின்னால் நின்றவர்கள் ஹாரனிலேயே அவள் வம்சத்தை விசாரித்தார்கள்.

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் அவள். அந்தப் பழைய கார்தான் அவளுக்குக் காலும் கையும். "கட்டு நனைஞ்சு போச்சும்மா, எப்ப வருவே?" என்று தையல்காரம்மா காலையிலேயே போன் செய்துவிட்டாள்.

ஈரம் பட்டால் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்கிறது என்று முந்தின நாள் வாய்தவறிச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கணவன், "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சொல்லி, பிளக்குகளுக்கு மின்சாரம் பங்குபோடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புது மூடியும், உள்ளே சுழலும் ரோட்டரும் வாங்கி வந்து மாட்டினான். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து, நிற்கும்போதெல்லாம் நடுக்கம். அடுத்த தெருவிலிருந்து அப்பா வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளையை நேராக ஒன்றும் சொல்லமாட்டார். அவன் காதில் விழும்படி மகளிடம் சொல்வார். "குரங்கு கையில பூமாலை" என்றார். விடிந்ததும், இனி சரியாக இருக்கும் என்று இருவருமே தனித்தனியாகச் சொல்லி அவளை அனுப்பிவைத்திருந்தார்கள்.

வழிப்போக்கர்கள் வண்டியை ஓரம் தள்ளிவிட்டார்கள். மறுபடி கிளப்பி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல், வந்த வழியே வீட்டுக்கு ஓட்டி வந்தாள். வாசலில் இருவரும் ஆளுக்கொரு ஸ்பேனரோடு நின்றார்கள்.

"கார்புரேட்டர்ல அழுக்கு இருக்கும்," என்றான் கணவன்.

"பிளக்குல பொறி விழற டைமிங்தாம்மா. இன்னும் கொஞ்சம் திருப்பினா..." என்றார் அப்பா.

"இன்னும் கொஞ்சம்னா? அப்ப ஏற்கெனவே திருப்பியிருக்கீங்களா?" என்றாள் அவள்.

அப்பா ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். ராத்திரி மாப்பிள்ளை தூங்கும் நேரத்தில் வந்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகியிருக்கிறார். அதற்கு முன்பே, பூமாலைப் பேச்சுப் பேசிவிட்டு மாமனார் போனதும், மாப்பிள்ளை கார்புரேட்டர் திருகாணியை முடுக்கியிருக்கிறான். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருவருக்கும் தோன்றியிருக்கும்.

"நடுரோட்டுல நின்னேன். லாரிக்காரன் ஒரு முழம் தள்ளி பிரேக் போட்டான். உங்க ரெண்டு பேருக்கும் கௌரவச் சண்டை போட என் வண்டிதான் கெடச்சுதா? யார் எதத் திருப்புனீங்களோ, அத அப்படியே பழைய இடத்துக்குக் கொண்டு வாங்க. இப்பவே. என் கண் முன்னாடி."

டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் பழைய அழுக்கு விட்டிருந்த கோட்டை வைத்து அப்பா அதைத் திருப்பி நிறுத்தினார். கணவன் திருகாணியைத் தளர்த்தினான். இன்ஜினைக் கிளப்பினாள். நடுக்கம் அப்படியேதான் இருந்தது. கணவனை உட்காரவைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தச் சொன்னாள். வேகம் ஏறியதும் சத்தம் சீரானது. காலை எடுத்ததும் மறுபடி நடுக்கம். இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"பேசாதீங்க."

பேச்சு நின்றதும்தான் கேட்டது: எங்கோ காற்றை உறிஞ்சும் மெல்லிய சீறல். பானெட்டுக்குள் தலையை நீட்டினாள். இன்ஜினின் மூச்சுக்குழல் மேல் ஒரு சின்ன உலோக வாய் திறந்து கிடந்தது. அதில் மாட்டியிருக்க வேண்டிய ரப்பர் குழாய், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்திலிருந்து வந்து அந்தரத்தில் தொங்கியது. கட்டைவிரலால் அந்த வாயைப் பொத்தினாள். நடுக்கம் அடங்கி, இன்ஜின் சாதுவாக முனகியது. விரலை எடுத்தாள், உதறியது. பொத்தினாள், அடங்கியது.

குழாயை அழுத்தி மாட்டினாள்.

"மாமா திருப்பும்போது கழண்டிருக்கும்," என்றான் கணவன்.

"அப்பா வர்றதுக்கு முன்னாடியே நடுங்கிச்சு. மூடி மாட்டும்போது உங்க முழங்கை இடிச்சிருக்கு."

"நான் அப்பவே நெனச்சேன்," என்றார் அப்பா.

அவள் திரும்பினாள். "நெனச்சீங்களா? இத்தனை நேரம் குனிஞ்சு கெடந்தீங்களே, காத எங்க கழட்டி வச்சிருந்தீங்க? மாப்பிள மேல தப்புக் கண்டுபிடிக்கிற அவசரத்துல வண்டியப் பாக்கவே இல்ல நீங்க."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. பானெட்டை அறைந்து சாத்தினாள். இரண்டு ஸ்பேனர்களையும் கைநீட்டி வாங்கி, பின் சீட்டில் எறிந்துவிட்டுக் கிளம்பினாள். சந்திப்பில் சிவப்பு விழுந்தபோது இன்ஜின் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதுகூட அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

தையல்காரம்மாவின் கட்டு காய்ந்து புண்ணோடு ஒட்டியிருந்தது. "எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கறது? இப்ப பிக்கும்போது உயிர் போகுமே," என்று அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

"திட்டுங்கம்மா. நியாயம்தான்," என்றாள் இவள். போனில் கணவன் கூப்பிட்டான், பிறகு அப்பா. எடுக்கவில்லை. உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, துணியை நனைத்து, அது தானாக இளகி வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தாள்.