பிரிக்காத ஊசி

டமார் என்று சரக்கு லிஃப்ட்டின் கதவு தானாகத் திறந்தது. வினோலியா கையிலிருந்த மாத்திரை அட்டையைத் தவறவிட்டாள்.

டி.பார்ம் மாணவி அவள். திண்டுக்கல்லில் அந்தத் தனியார் மருத்துவமனையின் மருந்தகத்துக்குப் பயிற்சிக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. மத்தியானம் மூன்று மணி. சீனியர் இனிகோ டீக்குப் போயிருந்தார்.

லிஃப்ட்டுக்குள் ஒரு நீலக் கூடை. வார்டில் யாராவது இறந்துவிட்டால் மிச்ச மருந்துகள் இப்படித்தான் திரும்பி வரும். சீட்டைப் படித்தாள். 'கட்டில் 11, பொன்னுத்துரை. இறப்பு 3.40.'

இன்னும் 3.40 ஆகவேயில்லையே? 2.40 என்பதைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சர்க்கரை மாத்திரைகள், பாதி சிரப், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று, பெட்டி பிரிக்காமல். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிந்து அவர் பெயரை மூடினாள். மூடிய பெயருக்கு மேனேஜர் திறந்துவிடாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது.

இனிகோ வந்து உட்காரவும், ஒரு பெண் சீட்டோடு ஓடிவரவும் சரியாக இருந்தது.

"அக்கா, சீக்கிரம்! அப்பா நெஞ்சப் புடிச்சுக்கிட்டுத் துடிக்கிறாரு. இந்த ஊசி உடனே வேணுமாம்!"

கட்டில் 11. பொன்னுத்துரை. அதே ஊசி. மணி 3.25.

"ஏம்மா, உசுரோட இருக்குற மனுசனையா மூடி வச்ச?" என்றார் இனிகோ கம்ப்யூட்டரைப் பார்த்து, மெதுவாக. "பன்னெண்டு நாள்ல நல்ல முன்னேற்றம்தான்."

"லிஃப்ட்ல கூடை வந்துச்சு சார்."

"லிஃப்ட்டா? அது மூணு நாளா கரண்டே இல்லாம கெடக்கு." சிரித்தபடி எழுந்து திரும்பியவர், நீலக் கூடையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

வினோலியா ஃபிரிட்ஜைத் திறந்தாள். அந்த ஊசி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெட்டிக்குப் பெட்டி தனி எண் ஒட்டுவது அங்கே வழக்கம். இதன் எண் 4417. கூடையில் கிடந்த பெட்டியை எடுத்தாள். அதுவும் 4417.

"மேனேஜர் மீட்டிங்ல இருப்பாரு. அவரு வந்து பேரத் திறக்க எப்படியும் இருபது நிமிசம்..." என்றார் இனிகோ.

பிரிக்காமல் ஏன் திரும்பி வந்தது? ஊசி போய்ச் சேரும்போது ஆள் உயிரோடு இல்லாததால்தானே!

"என்னை இங்கேருந்து துரத்தினாலும் சரி சார், நான் போறேன்."

ஃபிரிட்ஜில் இருந்த பெட்டியோடு படியேறி ஓடினாள். டாக்டர் அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி ஊசியை ஏற்றினார். வினோலியா கட்டில் ஓரமாகவே நின்றாள். 3.39. 3.40. மானிட்டரின் கோடு ஒருமுறை தடுமாறியது. பிறகு ஓடியது. கால் மணி நேரம் கழித்துப் பெரியவர் கண் திறந்து, "சுகன்யா, தோட்டத்துல பூவெடுக்க ஆள் வந்தாச்சா?" என்று மகளைக் கேட்டார்.

கீழே வந்தபோது லிஃப்ட் கதவு மூடியிருந்தது. கூடையைக் காணவில்லை. இனிகோ கதவையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"பொழச்சுட்டாரு சார்."

அவர் திரும்பவில்லை.

"போன மாசமும் ஒரு கூடை இப்படித்தான் முன்கூட்டியே வந்துச்சு, வினோலியா. மேனேஜர் வந்து பேரத் திறக்கட்டும்னு நான் இங்கேயே உக்காந்திருந்தேன்."