வலது கை அம்மாவுக்கு, இடது கை ஐயாவுக்கு

கடிகாரம் பழுது பார்ப்பவரின் மேல்கையில் பெண்கள் கைக்கடிகாரப் பட்டையைக் கட்டினால், மூன்றாவது ஓட்டையில் கச்சிதமாக நிற்கும். நான்கு பேர் பார்த்த உண்மை இது. அந்தக் கையை வைத்துக்கொண்டு கடையின் இரும்பு ஷட்டரைத் தூக்க முடியுமா? தினமும் காலையில் பக்கத்துக் கடைத் தையல்காரம்மாதான் வந்து, வாயில் ஊசியைக் கவ்வியபடியே ஒற்றைக் கையால் ஏற்றிவிடுவார். "இருக்கட்டும் சார்" என்பார். அந்த 'இருக்கட்டும்'தான் இவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு நாளாவது தன் ஷட்டரைத் தானே தூக்கிவிட வேண்டும் என்று எதிர்மாடி உடற்பயிற்சிக் கூடத்தில் ஏறினார்.

அதை நடத்துவது கணவனும் மனைவியும். கல்யாணமான நாள் முதல் இருவருக்கும் ஒரே சண்டைதான்.

"கனமா எடுக்கணும். அஞ்சு தடவை போதும்," என்றார் மனைவி.

"மனுஷன் ஒடிஞ்சே போயிடுவாரு! லேசா எடுத்து, கை கெஞ்சற வரைக்கும் முப்பது தடவை தூக்கட்டும். அப்பதான் சதை வைக்கும்," என்றார் கணவர்.

"இருபது வருஷமா இதையே சொல்றீங்க."

"நீ மட்டும் புதுசாவா சொல்றே?"

இருவரும் ஒரே சமயத்தில் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு கை என்று முடிவாயிற்று. வலது அம்மாவுக்கு, இடது ஐயாவுக்கு. கைகளின் சொந்தக்காரரை யாரும் கேட்கவில்லை.

பத்து வாரம். வலது கை கனத்தில் முனகியது, இடது கை எண்ணிக்கையில் அழுதது. மதியத் தூக்கத்தில்கூட இடது கை தானாக மடங்கி நீண்டு, முப்பது ஆன பிறகுதான் அடங்கும்.

பதினோராவது வாரம் திங்கட்கிழமை காலை, ஷட்டர் முன்னால் கூடத்துக் கணவனும் மனைவியும் வந்து நிற்க, தையல்காரம்மா அவருடைய இரண்டு மேல்கைகளையும் நாடாவால் அளந்தார். "ரெண்டும் ஒரே அளவு. நூல் பிசகல."

"பாத்தியா, லேசுலயும் சதை வருது!" என்று கணவர் குதித்தார்.

"தூக்கட்டும், அப்புறம் ஆடுங்க," என்றார் மனைவி.

கடிகாரக்காரர் குனிந்து, இரு பக்கமும் பிடித்துத் தூக்கினார். வலப்பக்கம் மார்பு வரை ஏறியது, இடப்பக்கம் முழங்காலிலேயே நின்றது. ஷட்டர் கோணிக்கொண்டு சிக்கியது. இத்தனைக்கும் மனிதர் இடதுகைப் பழக்கக்காரர்.

"சதை ரெண்டுலயும் இருக்கு, பலம் என் பக்கம்!" என்றார் மனைவி.

தையல்காரம்மா கை நீட்டினார்.

"தொடாதீங்கம்மா!" என்றார் கடிகாரக்காரர்.

சிக்கலை எடுத்து இறக்கி, நடுவில் வலது கையை மட்டும் கொடுத்து ஒரே எம்பு. ஷட்டர் அலறிக்கொண்டு மேலே போய், கைப்பிடியோடு பெட்டிக்குள் சுருண்டு காணாமல் போயிற்று. தெருவே கைதட்டியது.

"அடேயப்பா! சாயங்காலம் இதை எப்படி இழுத்து இறக்குவீங்க?" என்றார் தையல்காரம்மா.

"இழுக்க முதுகு வேணும்," என்றார் மனைவி. "கனமா அஞ்சு தடவை..."

"லேசா முப்பது!"

முதுகு ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கடைச்சுவரோடு பத்திரமாக ஒட்டிவைத்துக்கொண்டு, வந்த முதல் வாடிக்கையாளரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார் கடிகாரக்காரர். "வாங்க, வாங்க! கடை தொறந்திருக்கு. நானே தொறந்தேன்."