ஆறாம் நம்பர் குடை

எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் எட்டு குடைகள் உண்டு. எட்டின் கைப்பிடியிலும் வெள்ளை பெயிண்டால் நம்பர் போட்டிருக்கிறேன். என் மேஜையில் இருக்கும் நோட்டில் தேதி, நேரம், குடை நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் குடை கைக்கு வரும். அணுவைப் பிளக்கத் தெரிந்தவர்களுக்கு எடுத்த குடையைத் திருப்பித் தரத் தெரியாது. பத்தொன்பது வருஷ அலுவலக வேலையில் நான் செய்த ஒரே கண்டுபிடிப்பு இது.

இதனால் எனக்கு 'ரெஜிஸ்டர் அக்கா' என்று பெயர். "வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்ககிட்ட கையெழுத்து கேக்காத வரைக்கும் சரி" என்பார் என் கணவர். போன வருஷ ஆரம்பத்தில் இயக்குநர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொன்னார். குடைக்கும் ஒரு ஆன்லைன் படிவம் வந்தது. பதினான்கு கட்டங்கள். நிரப்பி முடிப்பதற்குள் மழையே நின்றுவிடும். நான் நோட்டை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டு பழையபடியே எழுத வைத்தேன். திமிர்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அன்று காலை பதினொரு மணிக்குத் தூறல் வந்து என் மேஜை முன்னால் நின்றாள். தூறல், மழைத்துளிகளை அளக்கிறவள். பெயர் நான் வைத்தது. மொட்டை மாடியில் அவளுடைய கருவி இருக்கிறது. விழுகிற ஒவ்வொரு துளியும் எவ்வளவு பெரியது, எப்போது விழுந்தது என்று மாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். போன வருஷ மழைக்காலம் முழுக்க அளந்து அவள் எழுதிய கட்டுரையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள்.

"அக்கா, நான் மழையையே இட்டுக்கட்டிட்டேன்னு சொல்றாங்க."

வெளியிலிருந்து மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்திருந்தது. அவளுடைய கோப்பில் கொட்டோ கொட்டென்று கொட்டிய நாட்களில் ஊரில் ஒரு சொட்டுகூட இல்லையாம். ஊர் மிதந்த நாளில் அவள் கோப்பு காய்ந்து கிடக்கிறதாம். மூன்று மணிக்குள் விளக்கம் சொல்லாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அதோடு அவள் வேலையும் போகும்.

"நிஜமாவே இட்டுக்கட்டினியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பொலபொலவென்று அழுதுவிட்டாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. இட்டுக்கட்டுகிறவள் வானிலைப் பதிவைப் பார்த்துத் தோதாகக் கட்டியிருக்க மாட்டாளா?

"முகத்தத் துடை. உன் முதல் கோப்பு என்ன தேதி?"

"ஜூன் ஏழு."

ஜூன் ஏழா? எங்கேயோ இடித்தது. அந்தக் கம்ப்யூட்டர் வந்திறங்கிய நாள் எனக்கு மறக்காது. லிஃப்ட் ஓடவில்லை, சுமந்து வந்தவர்கள் வாசலிலேயே பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். தொண்டை கிழியக் கத்தி மாடி ஏற்றினேன். பொருள் வரவு நோட்டைப் புரட்டினேன். ஜூன் பதினாறு.

எங்கள் கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டேன். எந்தக் கோளாறுக்கும் 'ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்பதால் அவர் பெயர் ரீஸ்டார்ட்.

"ஏம்ப்பா, பதினாறாம் தேதி வந்த கம்ப்யூட்டர் ஏழாம் தேதி மழையை எப்படிப்பா அளக்கும்?"

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "பதினேழாம் தேதிதான்க்கா மாட்டினேன். பழைய மெஷின், நெட்வொர்க்ல சேர்க்கக் கூடாதுன்னு உத்தரவு. அதனால தேதியைக் கையால அடிச்சேன். அவசரத்துல பதினேழுல இருக்கற 'ஒண்ணு' விழல போல. வெறும் ஏழு ஆயிருக்கு."

"அப்போ மழைக்காலம் முழுக்க அது பத்து நாள் பின்னாடியே ஓடியிருக்கா?"

"ஆமாக்கா. நான் கவனிக்கல. என் தப்புதான்."

நான் தூறல் பக்கம் திரும்பினேன். "நீயாவது தேதியப் பாக்கலையா?"

"நான் துளியத்தான்க்கா பாத்தேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்துப் பார்க்கிறவளுக்குப் பத்து நாள் கண்ணில் படவில்லை. எங்கள் ஆட்களால் மட்டுமே முடிகிற காரியம்.

மூவருமாகக் கூட்ட அறைக்குப் போனோம். குழுத் தலைவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர், என்னைப் பார்த்ததும், "ஆஃபீஸ் ஸ்டாஃப் வெளியே இருக்கலாமே" என்றார். இயக்குநரும் கதவைப் பார்த்துக் கண் காட்டினார். நான் அதைப் பார்க்காத மாதிரியே நின்றேன்.

ரீஸ்டார்ட் நடந்ததைச் சொன்னார். தன் தப்பு என்பதை ஒரு வார்த்தைகூட மழுப்பாமல் சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றுதான் மரியாதை வந்தது. வரவு நோட்டை நீட்டினேன். தலைவர் படித்தார்.

"சரி, கடிகாரம் தப்பு. ஒத்துக்கறேன். ஆனா எத்தனை நாள் தப்பு? பத்துன்னு நீங்க சொல்றீங்க. இவர் ஞாபகத்த நம்பி நான் எழுத முடியுமா? வானிலை நிலையம் ஊரோட அந்தக் கோடியில இருக்கு. இந்தக் கட்டடத்து மேல எப்போ மழை பெஞ்சதுன்னு யாராவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

தூறல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் எழுதி வெச்சிருக்கேன்" என்றேன்.

ஓடினேன். பத்தொன்பது வருஷத்தில் அந்த வராந்தாவில் நான் ஓடியது அன்று மட்டும்தான். இழுப்பறையிலிருந்து குடை நோட்டை எடுத்துவந்து மேஜை மேல் போட்டேன்.

"இங்க மழை பெஞ்சா ஒழிய யாரும் குடை எடுக்க மாட்டாங்க சார். நேரம் எழுதாம நான் குடை தர மாட்டேன்."

இயக்குநரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு அப்போது நேரமில்லை. குழுவிலிருந்த அம்மையார் நோட்டை இழுத்துப் படிக்க ஆரம்பித்தார். தூறல் மடிக்கணினியில் பத்து நாள் கழித்துத் தேடினாள்.

"ஜூன் இருபத்திரண்டு, மதியம் ஒன்று இருபது."

"கோப்புல ஜூன் பன்னிரண்டு. ஒன்று பதினாலுக்கு மழை ஆரம்பிக்குது."

"ஜூலை பதினைந்து, மாலை ஐந்தரை."

"ஜூலை ஐந்து. ஐந்து இருபத்தாறு."

ஒவ்வொன்றுக்கும் தூறலின் குரல் ஒரு படி ஏறியது. முப்பத்தொரு கையெழுத்துகள். அம்மையார் ஒன்பது நாள், பதினொரு நாள் என்று தள்ளியும் பார்க்கச் சொன்னார். அப்படித் தள்ளினால் பாதிக்கு மேல் பொருந்தவில்லை. பத்துக்கு முப்பத்தொன்றும் பொருந்தின. நடுவில் ஒரு வரியில் அம்மையாரின் விரல் நின்றது. தலைவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஜூன் இருபத்தெட்டு, மாலை நாலு பத்து. ஆறாம் நம்பர் குடை." நோட்டைத் தலைவர் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்து மாதிரி இருக்கே?"

தலைவரின் கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கியது.

"இங்க ஒரு கருத்தரங்குக்கு வந்திருந்தேன்" என்றார் மெல்ல. "குடை இருந்தும் கார் வரைக்கும் போறதுக்குள்ள தொப்பலா நனைஞ்சிட்டேன். பயங்கர மழை."

"நாலு ரெண்டுக்கு ஆரம்பிச்சது சார்" என்றாள் தூறல். "அந்த மழைக்காலத்துலயே பெரிய துளிங்க அன்னிக்குத்தான்."

தலைவர் பேனாவை எடுத்தார். இட்டுக்கட்டல் எதுவும் இல்லை, தேதிகளைத் திருத்தினால் போதும், கட்டுரை நிற்கும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். மணி இரண்டு நாற்பது. தூறல் என்னைக் கட்டிப்பிடித்த வேகத்தில் என் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்தன. உடைந்தால் உடையட்டும். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லோரும் எழுந்தபோது நான் நோட்டை மூடவில்லை.

"சார், ஆறாம் நம்பர் இன்னும் திரும்பி வரல."

அம்மையார்தான் முதலில் சிரித்தார். பிறகு இயக்குநர், கடைசியாகத் தலைவரும். வாசல் வரை வந்த இயக்குநரிடம், "இந்த நோட்டையும் ஆன்லைன்ல ஏத்திரட்டுமா சார்?" என்று அப்பாவியாகக் கேட்டேன். "அது இருக்கற எடத்துலயே இருக்கட்டும்மா" என்றார்.

அடுத்த வாரம் ஒரு நீளமான பார்சல் வந்தது. உள்ளே குடை, கைப்பிடியில் என் வெள்ளை ஆறு. 'திரும்பியது' என்ற கட்டத்தில் தேதி எழுதினேன். நேரத்தைத் தூறல் தன் செல்போனைப் பார்த்துச் சொன்னாள். நான் சுவர்க் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.