மூன்று மில்லிமீட்டர்

சுத்தி ஒற்றை விரலால் சக்கரத்தைத் தள்ளினான். ஜாக்கியில் தூக்கி நிறுத்திய மஞ்சள் காரின் முன்சக்கரம் ஓசையில்லாமல் ஒரு சுற்று வந்தது.

"நிறுத்திடாதீங்க," என்றார் பல் டாக்டர், கடிகாரத்தைப் பார்த்தபடி. "இறுகிறதுக்கு இன்னும் அரை நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள இன்னொரு சுத்து."

கார் அவருடையது. சக்கரத்துக்கு உள்ளே அப்பியிருந்த இளஞ்சிவப்பு மாவும் அவருடையதுதான். பல் கட்டுவதற்கு முன் வாயில் அச்சு எடுக்கும் மாவு. சுத்தியும் அவன் அக்காவும் இந்தச் சக்கரக் கடையில் இத்தனை நாள் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைத்தான் இந்த வேலைக்கு வைத்திருந்தார்கள். "அச்சு எடுக்கிறது என் தொழில், அதை என்கிட்ட விடுங்க," என்று டாக்டர் காலையிலேயே டப்பாவோடு வந்துவிட்டார்.

வேலை இதுதான். சக்கரத்தின் ஸ்போக்குகளுக்குப் பின்னால் ஒரு டிஸ்க் சுழல்கிறது. அதைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவது காலிப்பர் என்கிற தாடை. வேகமாக ஓடும் காருக்குப் பெரிய தாடை வேண்டும். தாடை பெரிதானால் ஸ்போக்கின் முதுகு அதன்மேல் இடிக்கும். இடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது. வளைவில் திரும்பும்போது அலுமினியமும் கொஞ்சம் நெளியும், சூட்டில் கொஞ்சம் உப்பும். ஆகவே நடுவில் மூன்று மில்லிமீட்டராவது இடம் வேண்டும். அந்த இடுக்கில் கண்ணும் போகாது, அளவுகோலும் போகாது. அதனால் தாடையின்மேல் மாவை அப்பி, சக்கரத்தை மாட்டிச் சுற்றுவார்கள். ஸ்போக்குகள் வேண்டாததை வழித்துக்கொண்டு போகும். மிஞ்சி நிற்கும் மாவின் தடிமன்தான் இடுக்கின் அளவு.

இருபத்திரண்டு வருடம் யார் யாரோ செய்த சக்கரங்களை அக்கா விற்றாள். இந்த நான்கு மட்டும் அவளே வரைந்தவை. ஒவ்வொன்றிலும் பத்து ஸ்போக். நுனியில் மெலிந்து, தாடைக்கு வழிவிட்டு வெளிப்பக்கமாக வளைந்தவை. அடித்து இறுக்கிய அலுமினியக் கட்டியிலிருந்து வெளியூர் பட்டறை ஒன்று கடைந்து அனுப்பியிருந்தது. முந்தாநாள் பெட்டியைப் பிரித்ததும் ஒன்றைத் தூக்கிப்போய் மாடியில் அவள் கட்டிலில் வைத்தான் சுத்தி. பளபளக்கும் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. குப்புறப் போடச் சொல்லி, பின்பக்கக் குழிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். "எல்லாரும் மூஞ்சியத்தான் பாப்பாங்க. வேலை முதுகுலதான்டா இருக்கு."

நேற்று சாயங்காலம் அவளைப் பார்க்க வந்த மருத்துவர் அறைக்கு வெளியே வந்து, குரலைத் தாழ்த்தி, இதயம் இனி ஒரு நாள் ஓடினாலே பெரிது என்றார். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. "அப்ப காரை நாளைக்குக் காலையிலயே வரச்சொல்லுடா," என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"போதும், கழட்டுங்க," என்றார் டாக்டர்.

சக்கரத்தை இறக்கி மாவை உரித்தார்கள். ரப்பர் மாதிரி முழுசாக வந்தது. சுத்தி வெர்னியரின் இரண்டு உதடுகளுக்கு நடுவில் அதை வைத்தான்.

"ஆறு புள்ளி ஒண்ணு."

"மூணு போதும்னீங்க?"

"ஆமா," என்றான் சுத்தி. அதற்குள் பாதி மாடி ஏறியிருந்தான்.

அக்கா மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தாள். உதட்டை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தார் அத்தான். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். சக்கரத்துக்குப் போய் இவ்வளவு பாடா என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி.

"ஆறுக்கா. ரெண்டு மடங்கு இடம் இருக்கு."

அவள் மாவுத்துண்டை வாங்கிக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். சந்தோஷம் என்று நினைத்தான் சுத்தி.

"அப்ப யாரோ பொய் சொல்றாங்க," என்றாள்.

"என்னக்கா?"

"நான் போட்டது மூணு. மூணு தானா ஆறாகாது." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "சாகக் கிடக்கிறவகிட்ட நல்ல சேதியா சொல்லுவோம்னு பாத்தியா?"

"சத்தியமா அளந்ததுதான். வெர்னியரை எடுத்துட்டு வரவா?"

"அவன் பொய் சொல்ல மாட்டான். அதுக்கெல்லாம் மூளை வேணும்," என்றார் அத்தான்.

அக்காவின் உதடு கோணியது, சிரிப்புதான். "அப்ப சக்கரம் சரியா உக்காரல. வெளியே தள்ளி நிக்குது. அது உக்கார்ற இடத்துல எதோ ஒட்டிக்கிட்டிருக்குடா. கண்ணால பாக்காத, நகத்தால பாரு. சீக்கிரம் போ."

சீக்கிரம் என்ற சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவனுக்குத்தான் அது முதுகில் கைவைத்துத் தள்ளியது போல இருந்தது.

கீழே இருவரும் சக்கரம் உட்காரும் வட்ட முகத்தின் முன் குந்தினார்கள். ஒரே துருவாக, ஒரே இரும்பாகத்தான் தெரிந்தது. சுத்தி கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். டாக்டர் விளிம்பில் நகத்தை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "இங்க தட்டுது. பல்லு ஓரத்துல ஊத்தை கெட்டிப்பட்டிருந்தா இப்படித்தான் தட்டும்."

முடி அகலத்துக்கு ஒரு கோடு. சுத்தி உளியைக் கோட்டில் வைத்துச் சுத்தியலால் தட்டினான். எதற்கெடுத்தாலும் முதலில் சுத்தியலை எடுப்பவன் என்று சின்ன வயதில் அக்கா வைத்த பேர்தான் அவனுக்குச் சுத்தி. பிறகு நாள் முழுக்கச் சக்கரம் சுத்துகிற தொழிலுக்கே வந்ததில் அந்தப் பேர் இரட்டிப்பாக ஒட்டிக்கொண்டது. இம்முறை அவன் மெல்லத் தட்டினான். விளிம்பைச் சுற்றிலும் தட்டிக்கொண்டு வந்தபோது துரு பொரிந்து, தட்டையான ஒரு வளையம் கழன்று தரையில் விழுந்து உருண்டது.

வெர்னியரில் அது சரியாக மூன்று.

"பழைய ஓனர் போட்ட பட்டை," என்றான் சுத்தி. "சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தினா பாக்க எடுப்பா இருக்கும்னு போட்டிருக்கான். இதோட மாட்டியிருந்தா நட்டுக்கு ரெண்டு மரை கம்மியாப் பிடிச்சிருக்கும். சக்கரத்தை நடுவுல தாங்குற உதட்டுலயும் சரியா உக்காந்திருக்காது. நீங்க நூறுல போறப்ப..."

"போதும், மிச்சத்தைச் சொல்லாதீங்க," என்றார் டாக்டர். "ஒரு வருஷமா நான் இதோடயா ஓட்டினேன்?"

அந்தப் பக்கமும் ஒன்று இருந்தது. பின்னால் இரண்டும் சுத்தம். மறுபடி மாவு பிசைந்தார்கள். மறுபடி மாட்டி, சுற்றி, இறுகுவதற்குக் காத்திருந்தார்கள். மேலே இருமல் கேட்டது. பிறகு நாற்காலி நகரும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சுத்தி கூரையைப் பார்த்தான். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்பது அவனுக்குத் தெரியாது.

உரித்தார்கள். மூன்று புள்ளி ஒன்று.

அவன் மேலே போனபோது அக்காவின் மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கேட்காமலே கையை நீட்டினாள். துண்டை வைத்தான். இரண்டு விரலும் அதன் தடிமனைக் கண்டதும் நின்றன.

"இது நான் போட்டது," என்றாள்.

அத்தான் துணியை நனைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சியா? டயர் மட்கார்டுல உரசுதா?"

"நாலையும் மாட்டி இறக்கினாத்தானே தெரியும்."

"மாட்டு. தெருமுனையில ரெண்டு பக்கமும் ஒடிச்சுத் திருப்பு. உரசினா எனக்கு இங்கயே கேக்கும்." அத்தானைப் பார்த்தாள். "அந்த ஜன்னலைத் திறங்க."

சுத்தி நகரவில்லை. "நான் இங்க இருக்கட்டுமாக்கா?"

"இருந்து? எனக்கு இறுக்க ஒரு நட்டும் இல்ல. போடா."

நான்கு சக்கரமும் ஏறியது. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் ஒவ்வொரு நட்டுக்கும் 'டக்' என்று சொல்லி ஒப்புக்கொண்டது. எதிரெதிராக இறுக்குவதுதான் முறை. வரிசையாக இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் கோணி உட்காரும். அவசரத்திலும் கை அந்த முறையை விடவில்லை.

டாக்டர் ஓட்டினார். சுத்தி பக்கத்தில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டான். தெருமுனையில் அவர் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் கடைசிவரை ஒடித்தார். உரசல் என்றால் அட்டையைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம் வரும். சுத்தி காதைக் கூர்மையாக்கினான். தார்மேல் ரப்பர் போகும் மெல்லிய சீறல் மட்டும்தான். வலப்பக்கம். அங்கும் அதே சீறல்.

"இன்னொரு தடவை," என்றான்.

இரண்டாவது சுற்றில் டாக்டர் கொஞ்சம் வேகமாகவே திருப்பினார். நினைத்ததுமே கார் திரும்பியது. பழைய சக்கரத்தைவிட ஒவ்வொன்றும் மூன்றரைக் கிலோ குறைவு. அந்தப் பாரம் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். ஆகவே அங்கே குறையும் ஒரு கிலோ வேறெங்கே குறைவதையும்விடப் பெரிது. அக்கா இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள். டாக்டருக்கு இப்போது கையே சொல்லிவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார். சுத்தியும் சிரித்தான். ஜன்னலுக்குக் கீழே கார் நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கி மாடிக்கு ஓடினான்.

"கேட்டுச்சா?"

அத்தான் கட்டிலருகே நின்றிருந்தார். ஈரத்துணியை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"முதல் தடவை திரும்புறப்ப தலையை ஜன்னல் பக்கம் சாச்சா," என்றார். "'ஒண்ணும் இல்ல'ன்னா."

"ரெண்டாவது தடவை?"

அத்தான் துணியைத் தட்டில் வைத்தார். "உக்காரு மாப்ளே."

சுத்தி உட்காரவில்லை. அக்காவின் தலை இன்னும் ஜன்னல் பக்கம்தான் சாய்ந்திருந்தது. கால்மாட்டில் நகர்ந்து கிடந்த போர்வையைச் சரிசெய்தான். கீழே ஹாரன் ஒருமுறை மெல்ல அடித்தது.

"அவர் காத்துக்கிட்டிருக்காரு. போய் அனுப்பிட்டு வா," என்றார் அத்தான்.

டாக்டர் தெருவில் குந்தி முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் எழுந்தார். "அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லன்னாங்க."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"உரசல் ஒண்ணும் இல்லன்னு."

டாக்டரின் முகம் மலர்ந்தது. மேலே பார்த்து, திறந்திருந்த ஜன்னலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காரில் ஏறினார். சுத்தி கண்ணாடியருகே குனிந்தான். வாடிக்கையாளரை அனுப்பும்போது சொல்லவேண்டியவை சில உண்டு. அவற்றைச் சொல்வது எப்போதும் அக்காதான். அவன் காருக்கு அடியில் கிடந்தபடி கேட்டதோடு சரி.

"நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒருதடவை கொண்டு வாங்க," என்றான். "நட்டெல்லாம் மறுபடி இறுக்கணும். புது அலுமினியம் கொஞ்சம் அமுங்கும். அதுவரைக்கும் வேகம் வேண்டாம். கழுவுறப்ப ஆசிட் கலந்தது எதுவும் போடாதீங்க. பள்ளம் பாத்துப் போங்க."

"சரி."

"நடைபாதை ஓரமா நிறுத்தறப்ப ஒரு சாண் விட்டே நிறுத்துங்க."

"சரிங்க."

இன்னும் ஏதோ ஒன்று இருந்தது. அது என்னவென்று அவனுக்கு வரவில்லை. கண்ணாடி விளிம்பிலிருந்து கையை எடுத்தான்.

கார் நகர்ந்தது. பத்து ஸ்போக்கும் முதலில் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு எண்ண முடியவில்லை. பிறகு அங்கே ஸ்போக்கே இல்லாததுபோல், பின்னாலிருந்த தாடை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தெருமுனை வந்ததும் கார் ஒடித்துத் திரும்பியது. சுத்தி அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.