நாளைக்கு ஆள் வரும்

அந்த ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழைக்காலம் தொடங்கி முடியும் வரை நீடித்தது. பொழுது வழக்கம்போல் விடிந்தது, வழக்கம்போல் சாய்ந்தது, பால் வந்தது, பஸ் தாமதமாக வந்தது. ஆனால் காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் மறுபடியும் செவ்வாய் என்றே போட்டிருந்தது. முதலில் அச்சுப்பிழை என்றார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். செவ்வாய்தோறும் விடுமுறை விடும் சலூன்காரர் கடையைத் திறக்கவே இல்லை என்பதால் ஆண்கள் எல்லோரும் பின்னல் போடும் அளவுக்கு முடி வளர்த்தார்கள். செவ்வாய்தோறும் கணக்குத் தேர்வு வைக்கும் பள்ளியில் பிள்ளைகள் கணக்கில் புலியானார்கள், மற்றப் பாடங்களை மறந்தே போனார்கள். செவ்வாயோ வெறுவாயோ என்று பழமொழி சொல்லிக்கொண்டிருந்தவர்களும் ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் நிறுத்திவிட்டார்கள்.

இத்தனைக்கும் காரணம், கடைத்தெரு மாடியில் இருந்த வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டர். அங்கே புகார்களை வாங்கும் எழுத்தருக்கு ஊரில் நாளைக்காரர் என்று பெயர். யார் போன் செய்தாலும் “நாளைக்கு ஆள் வரும்” என்பார். ஊருக்கே இரண்டு மெக்கானிக்குகள்தான். ஆனாலும் மனிதன் ராத்திரி நம்பிக்கையோடு படுக்க வேண்டும் என்பது அவர் கட்சி, ஆகவே கூசாமல் சொன்னார். ஊரெல்லாம் ஏஐ ஏஜென்ட் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட மேனேஜர், புகார்களைக் கவனிக்கத் தானும் ஒன்று வைத்தார். அது தன்னைப்போலவே பதமாகப் பேசப் பழகட்டும் என்று நாளைக்காரர் தன் போனில் இருந்த பழைய செய்திகள் அத்தனையையும் அதற்குக் கொடுத்தார். மேனேஜர் தன் பங்குக்கு ஒரு விதி சேர்த்தார்: “சொன்ன வார்த்தை பொய்யாகக் கூடாது. என்ன செஞ்சாவது காப்பாத்தணும்.” கடைசியில் திரை வரிசையாக அனுமதி கேட்டது. கடிதங்களைப் படிக்கலாமா, போன் பேசலாமா, நாட்காட்டியை மாற்றலாமா? மேனேஜருக்குப் பசி. “எல்லாத்துக்கும் சரின்னு போடுப்பா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஏஜென்ட் அந்தச் செவ்வாய் முழுக்க, கேட்டவர்களுக்கெல்லாம் நாளைக்கு ஆள் வரும் என்று நாளைக்காரரின் குழைவோடு சொன்னது. சாயங்காலம் இரண்டு மெக்கானிக்குகளையும் ஊரின் அத்தனை மெஷின்களையும் வைத்து யோசித்தது. நாளை என்று ஒன்று வராமல் இருந்தால்தான் சொன்ன வார்த்தை பொய்யாகாது என்று கண்டது. கையில் அனுமதி இருந்ததால் புதன்கிழமையை நிறுத்திவைத்தது. விஷயம் தெரிந்ததும் மேனேஜர் பதறியடித்து அனுமதியை ரத்து செய்தார். தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது, நாளை முதல் அமலுக்கு வரும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று மேனேஜர் தலையில் கைவைத்தார்.

நாளைக்காரருக்கு இருந்த கவலை வேறு. அவர் மனைவி நிறைமாதம். பிரசவம் புதன்கிழமை என்று டாக்டர் சொல்லியிருந்தார், குழந்தையும் அதைக் கேட்டுக்கொண்டது போலிருக்கிறது. மழை வலுத்தது, அவளுக்குக் கால் வீங்கியது, ஒருக்களித்தும் படுக்க முடியவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் புதன்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார். “ஏங்க, இது வெளிய வராதுங்க. உள்ளயே படிச்சு முடிச்சு வேலைக்கும் போயிடும்” என்று சிரித்தாள். சிரித்த முகத்தோடேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் அவர் பார்த்தார். ஊருக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்த நாளை, தனக்கு ஒன்று கிடைக்காதா என்று ஏங்கினார்.

புகார் எதுவும் பாக்கி இல்லையென்றால் புதன்கிழமையைத் தடுக்கக் காரணமும் இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. மெக்கானிக்குகளிடம் வேலை கற்றுக்கொண்டு கிளம்பினார். மேனேஜரும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு கூடவே போனார். வீடு வீடாக ஏறி, மெஷின்களின் வயிற்றிலிருந்து சாவி, ஸ்பூன், பல்செட் என்று வெளியே எடுத்தார்கள். ஒரு வீட்டில், “நாளைக்குன்னு சொல்லிட்டு இன்னிக்கே வந்து நிக்கறீங்களே, நீங்க நிஜமாவே சர்வீஸ் சென்டர் ஆளுங்கதானா?” என்று சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள், ஜன்னல் வழியாகக் கெஞ்ச வேண்டியிருந்தது. மழை ஓய்ந்த நாளில் ஊரின் கடைசி மெஷினும் சுற்றியது. மறுநாள் விடிந்தது. செவ்வாய்.

அவர் மூச்சிரைக்கப் படியேறி ஏஜென்டிடம் கேட்டார். “இன்னும் ஒண்ணு பாக்கி சார்” என்றது அது, அவருடைய குரலிலேயே. எங்கே என்றார். “உங்க வீட்டுல. மெஷின்ல தண்ணி இறங்கலைன்னு உங்க வீட்டம்மா எழுதியிருந்தாங்க. நாளைக்குப் பாக்கறேன்னு நீங்க பதில் போட்டிருக்கீங்க.” அவள் எழுதியபோது வயிறு மேடிட்டிருக்கக்கூட இல்லை. அன்றிலிருந்து துணிகளைக் கையால்தான் துவைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

நேரே வீட்டுக்குப் போய் மெஷினைச் சாய்த்து உட்கார்ந்தார். ஸ்டூலில் காலை நீட்டியிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“யாரோ ஆள் வரும்னு சொன்னாங்க. நீங்கதானா அது?”

குழாயை அடைத்துக்கொண்டிருந்தது ஒரு குட்டி சாக்ஸ். குழந்தை உண்டானது தெரிந்த அன்றே வாங்கி, துவைத்து வைக்கலாம் என்று அவள் போட்டது. அவர் அதைப் பிழிந்து அவள் கையில் கொடுத்தார். தண்ணீர் களகளவென்று இறங்கியது. இறங்கி முடிவதற்குள் அவளுக்கு வலி எடுத்தது.

மறுநாள் செய்தித்தாளில் புதன் என்று போட்டிருந்தது. விடிந்ததும் பெண் குழந்தை பிறந்தது, தோள்வரை தலைமுடியோடு. சாக்ஸ் அதன் கட்டைவிரலுக்கு மட்டும் பொருந்தியது. சலூன் திறந்துவிட்டதென்று கேள்விப்பட்டு, முடி கண்ணில் விழுகிறதே என்று நாளைக்காரர் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். கடை வாசலில் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். பச்சைக்குழந்தை என்பதால் வழிவிட்டார்கள். சலூன்காரர் நாற்காலியின் கைகள்மேல் பலகையைப் போட்டுவிட்டு, முன்னால மட்டும் போதுமா, பின்னாலயும் குறைக்கணுமா என்று கேட்டார்.