ஸ்டாஃப்னா யாரு சார்?

எங்கள் பக்கம் காலேஜில் படித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ‘ஸ்டாஃப்’ என்றால் பாடம் நடத்துகிறவர். ‘அந்த ஸ்டாஃப் ரொம்ப ஸ்ட்ரிக்ட்’ என்பார்கள், ‘ஸ்டாஃப் ரூம்’ என்பார்கள். மைக்ராஸ்கோப் துடைக்கிறவள், படகில் போய்த் தண்ணீர் மொண்டு வருகிறவள், பாட்டிலுக்குச் சீட்டு ஒட்டுகிறவள் எல்லாம் ஸ்டாஃப் இல்லை. ‘நான்-டீச்சிங்’. ஒரு ஆள் என்ன செய்யவில்லை என்பதையே அந்த ஆளுக்குப் பெயராக வைக்கிற அநியாயம் வேறு எந்தத் தொழிலிலாவது உண்டா, தெரியவில்லை. நான் பதினோரு வருஷமாக நான்-டீச்சிங்.

என் பெயர் சுதா. ஊர் தோணிரேவு. பழவேற்காட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஏரி ஆய்வு நிலையம் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் அங்கேதான் வேலை. ஆய்வக உதவியாளர். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் என் அண்ணன் பெரியசாமியின் படகில் முகத்துவாரம் வரை போய், ஆறு இடத்தில் தண்ணீர் எடுத்து உப்பு பார்ப்பேன். துணி போன்ற வலையைப் போட்டு இறால் குஞ்சுகளை அரித்துக்கொண்டு வந்து, எது எந்த இறாலின் குஞ்சு என்று பிரித்து எண்ணுவேன். பிரிக்கிற வேலை நிலையத்தில் எனக்கு மட்டும்தான் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. வினையே அதில்தான் வந்தது.

போன ஜூன் மாதம் போர்ச்சுகல்லில் உள்ள ஒரு கழிமுக ஆய்வகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. பரிமாற்ற ஃபெலோஷிப். இங்கிருந்து மூன்று பேர் மூன்று மாதம் அங்கே போய் வேலை செய்யலாம். பேராசிரியர் ஒருவர், ஸ்டாஃப் ஒருவர், முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர் ஒருவர். அந்த மூன்றாவது இடம் பிரவீனுக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மீஞ்சூர்ப் பையன், இரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவன். என் கணக்கெடுப்பை வைத்துத்தான் மூன்று கட்டுரை எழுதியிருக்கிறான். அவன்தான் அறிவிப்பை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தான்.

“அக்கா, இந்த ஸ்டாஃப் இடத்துக்கு நீங்க போடுங்க.”

“போடா. அது வாத்தியாருங்களுக்கு.”

“இல்லக்கா. அங்கெல்லாம் ஸ்டாஃப்னா லேப்ல வேலை செய்றவங்க, ஆபீஸ்ல இருக்கறவங்க. உங்களத்தான் சொல்றாங்க.”

அன்றைக்குப் பிடித்தது எனக்கு அந்த ஆசை. அவர்கள் கழிமுகத்திலும் மணல் சேர்ந்து வாய் அடைக்குமாம், திறக்குமாம். எங்களைப் போலவே கணக்கெடுக்கிற ஆட்கள் இருக்கிறார்களாம். என்னைப் போல இந்த வேலையைச் செய்கிற இன்னொரு ஆளை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் போல இருந்தது. வெளிநாடு, விமானம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நிலையத்தின் தலைவர் பேராசிரியர் சகாதேவன். விண்ணப்பத்தை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார்.

“ஸ்டாஃப்னா டீச்சர்ஸ்மா. இது கூடத் தெரியாதா?”

“அப்போ ஃபேகல்ட்டினு தனியா போட்டுக்கறாங்களே, அது யாரு சார்?”

“ஃபேகல்ட்டின்னா சீனியர். ஸ்டாஃப்னா ஜூனியர். போ, சாம்பிள் வேலையைப் பாரு.”

ஃபேகல்ட்டி இடத்துக்கு அவரே போட்டுக்கொண்டார். ஸ்டாஃப் இடத்துக்கு உதவிப் பேராசிரியர் ஸ்டீபனைப் போட்டார். ஸ்டீபன் சார் இரண்டு தடவைதான் படகு ஏறியிருக்கிறார். இரண்டு தடவையும் என் அண்ணன் மேலேயே வாந்தி எடுத்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார்கள், அதுதான் அவர்களிடம் உள்ள கெட்ட குணம்.

அதோடு விட்டிருந்தால் நானும் என் பாட்டுக்கு இருந்திருப்பேன். ஸ்டாஃப் இடத்துக்கு விண்ணப்பிக்கிறவர் தாம் செய்யும் வேலையைப் பத்து நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. ஸ்டீபன் சாருக்கு அந்த வேலை தெரியாது. சகாதேவன் என்னைக் கூப்பிட்டார். “சும்மா குஞ்சு பிரிக்கிறதைக் காட்டுமா.” பிரவீனிடம் கேமராவைக் கொடுத்து, “மூஞ்சி வேணாம், கையை மட்டும் எடு” என்றார். நான் பிரித்தேன். பிரவீன் எடுத்தான். ஸ்டீபன் சார் பின்னால் நின்று இங்கிலீஷில் பேசினார். ‘நான் இப்போது வரி இறால் குஞ்சைத் தனியே எடுக்கிறேன்.’ நோகாமல் நோம்பு கும்பிடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அண்ணனிடம் சொன்னேன். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே கேட்டார்.

“இன்னா சுதா, கைய படம் புட்ச்சிக்கினு மூஞ்ச வுட்டுட்டானுங்களா? நீ இன்னாத்துக்குக் குடுத்த?”

பதினோரு வருஷப் பழக்கம். சார் கேட்டால் கொடுத்துவிடுவது.

செப்டம்பரில் ஒரு நாள் மதியம் இரண்டரைக்கு நேர்காணல். அங்கே காலை பத்து மணி. கம்ப்யூட்டர் முன்னால் சகாதேவன், ஸ்டீபன் சார், பிரவீன் மூன்று பேரும் சட்டையை உள்ளே விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் இனெஸ் என்று ஒரு அம்மா. நரைத்த தலை, கையில் பேனா. நான் கேமராவில் படாமல் கதவோரம் நிற்க வேண்டும். ஏதாவது சந்தேகம் வந்தால் எடுத்துக் கொடுப்பதற்கு. இங்கிலீஷ் எனக்குப் புரியும், பேசத்தான் வாய் வராது.

பத்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. பிறகு அந்த அம்மா வீடியோவைத் திரையில் ஓட விட்டார். நடுவில் நிறுத்தினார்.

“மிஸ்டர் ஸ்டீபன், இந்தக் கை யாருடையது?”

திரை முழுக்க என் கை. மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல் ஆறு. அதை ஒருத்தருமே கவனிக்கவில்லை! எடுத்தவன் கவனிக்கவில்லை, பேசியவர் கவனிக்கவில்லை, அனுப்பியவர் கவனிக்கவில்லை. அத்தனை வருஷமாக அந்தக் கையை அவர்கள் எப்படிப் பார்த்தார்களோ, அப்படித்தான் வீடியோவிலும் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்டீபன் சார் தன் வாட்ச்சைப் பார்த்தார். “எங்கள் குழுவுடையது” என்றார். சகாதேவன் முந்திக்கொண்டு, “அது ஒரு ஹெல்ப்பர்” என்றார்.

“நாங்கள் ஸ்டாஃப் என்று எழுதியது இந்தக் கைக்காரரைத்தான். அவரோடு பேச முடியுமா?”

பிரவீன் எழுந்து இடம் விட்டான். உட்கார்ந்தேன். அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இந்த வேலையில் உங்களுக்கு எங்கே அதிகம் தப்பு வரும்? பதினோரு வருஷத்தில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. தமிழில் சொன்னேன், பிரவீன் மாற்றிச் சொன்னான்.

“குஞ்சு செத்து ரெண்டு மணி நேரம் ஆயிட்ச்சின்னா, வயித்துப் பக்கம் இருக்கற செவப்புக் கோடு வெளுத்துப் பூடும். அப்போ வரி இறாலா வெள்ளை இறாலானு அடிச்சி சொல்ல முடியாது. நான் சொல்லவும் மாட்டேன். ‘சந்தேகம்’னு தனியா ஒரு கட்டம் வெச்சிருக்கேன். அதுல போட்ருவேன்.”

அவர் எழுதிக்கொண்டார். பிறகு சகாதேவன் பக்கம் திரும்பி, “உங்கள் கட்டுரைகளில் அந்தக் கட்டம் இல்லையே?” என்றார்.

சகாதேவனுக்கு இருமல் வந்தது. அந்தக் கட்டத்தில் உள்ளதையெல்லாம் வரி இறாலில் சேர்த்துவிடுவது அவர் வழக்கம் என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது.

பத்து நாளில் மின்னஞ்சல் வந்தது. ஸ்டாஃப் இடம் எனக்கு. நிலையத்தலைவரின் சம்மதக் கடிதம் அக்டோபர் பதினைந்துக்குள் வர வேண்டும். என் வீட்டுக்காரர் தனசேகர் ஃபேக்டரிக்கு ஒரு நாள் லீவு போட்டு பாஸ்போர்ட்டுக்குக் கூட வந்தார். விசாரணைக்கு ஏட்டு வந்து நின்றதும் தெருவே கூடி, தனசேகரைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டியது. எனக்குத்தான் என்று தெரிந்ததும் யாரும் நம்பவில்லை. பிறகு பார்க்கிறவர்களெல்லாம், “எப்போ ஏறுற?” என்றே கேட்டார்கள்.

சகாதேவன் கைகொடுத்து வாழ்த்தினார். கடிதத்துக்கான தாளை வாங்கி மேஜையில் வைத்தார். கிணற்றில் போட்ட கல். பதினொன்றாம் தேதி போய்க் கேட்டேன்.

“நீ போயிட்டா சாம்பிள் யாரு எடுப்பா?”

“யாராவது எடுக்கட்டும் சார். நான் வெறும் ஹெல்ப்பர்தானே.”

“இதான், இந்தப் பேச்சுதான் வேணாங்கிறது. மழை வரப்போவுது, முகத்துவாரம் திறக்கும். அந்த டேட்டா முக்கியம். உன்னை விட்டா ஆள் இல்லை.”

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

“சார், எங்க ஏரியில பாடுனு ஒண்ணு இருக்கு. எந்த எடத்துல எவன் எப்போ வலை கட்றதுனு முறை. ஒருத்தன் பாட்டுல இன்னொருத்தன் கைய வெக்க மாட்டான். காய்ச்சல்ல படுத்துக்கினு இருந்தாலும் அவன் முறை அவனுக்குத்தான். படிக்காதவனுங்க சார் அவனுங்க.”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

உண்மையில் எங்கள் ஊரில் பெண்களுக்குப் பாடே கிடையாது. அந்தக் கோபம் எனக்குத் தனியாக உண்டு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போர்ச்சுகல்லில் ஒரு பாடு என் பெயரில் விழுந்திருந்தது. அதைத்தான் இந்த மனிதர் மேஜை மேல் வைத்துக்கொண்டு பேனாவால் தட்டிக்கொண்டிருந்தார்.

பதினைந்தாம் தேதி கடிதம் போனது. என்னிடம் காட்டவில்லை. பிரவீன்தான் செல்போனில் காட்டினான்.

‘திருமதி சுதா இந்நிலையத்தின் இன்றியமையாத ஸ்டாஃப் ஆவார். இக்காலத்தில் அவரை விடுவிக்க இயலாது.’

மூன்று தடவை படித்தேன். ஜூன் மாதம் போவதற்குக் கேட்டபோது நான் ஸ்டாஃப் இல்லை. அக்டோபரில் போகக்கூடாது என்று சொல்லும்போது ஸ்டாஃப் ஆகிவிட்டேன். அந்தப் பட்டத்தை எனக்குக் கொடுக்க அவருக்குப் பதினோரு வருஷம் ஆனது. கொடுத்ததும் கட்டிப் போடத்தான்.

“நீ இன்னாடா சொன்ன அவராண்ட?” என்று பிரவீனைக் கேட்டேன்.

அவன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே, “என் கடிதத்துலயும் அவர்தான்க்கா கையெழுத்துப் போடணும்” என்றான். அவன் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தின் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

இனெஸ் அம்மா எனக்குத் தனியாக எழுதினார். விதி அப்படி, வருந்துகிறோம், உங்கள் இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கப்போவதில்லை, காலியாக விடுகிறோம் என்று. அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. கொஞ்சம் கோபித்துக்கொண்டேன்.

நவம்பரில் மழை பிடித்தது. மணலை உடைத்துக்கொண்டு முகத்துவாரம் திறந்தது. அடுத்து வந்த அமாவாசைக்கு மூன்றாம் நாள் சகாதேவனும் பிரவீனும் விமானம் ஏற வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரமே சகாதேவன் சபையில் பேச வேண்டும். பேசப்போவது பதினோரு வருஷக் கணக்கெடுப்பைப் பற்றி, முக்கியமாக வாய் திறந்த பிறகு வரும் முதல் அமாவாசையைப் பற்றி. அந்த அமாவாசைக்கு நான் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று போட்டேன்.

காலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

“சுதா, எங்கே இருக்கே? படகு அப்படியே நிக்குதாம்.”

“வூட்ல இருக்கேன் சார்.”

“விளையாடாதேம்மா. இன்னிக்கு விட்டா அந்த டேட்டா திரும்பக் கிடைக்காது. உனக்கே தெரியும்.”

“தெரியும் சார். ஸ்டாஃப யாரையாவது அனுப்புங்க.”

வைத்துவிட்டேன். ஸ்டீபன் சாரை அனுப்பினார்களாம். படகு ஏறி, எந்த ஆறு இடம் என்று அண்ணனைக் கேட்டாராம். “தண்ணிதான் சார், எங்க மொண்டாலும் தண்ணிதான்” என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். இரண்டு பாட்டில் மொண்டுகொண்டு, வலையே போடாமல், முகம் வெளுத்துத் திரும்பிவிட்டார்.

என் நைனா செத்த பதினாறாம் நாள் காரியம் ஒரு பௌர்ணமியில் விழுந்தது. அன்றைக்கும் விடியற்காலையில் போய்ச் சாம்பிள் எடுத்துவிட்டு வந்துதான் குளித்தேன். அப்படிக் காத்த கணக்கு. இப்போது அதில் ஒரு வரி காலி. அதைக் காலியாக விட்டது நான்தான். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

வரைபடத்தில் அந்த இடத்தில் கோடு அறுந்திருக்கும். இல்லாத கணக்கை எழுதி ஒட்டவைக்க சகாதேவனால் முடியாது, பிரவீனுக்கும் தைரியம் இல்லை. அங்கே முன்வரிசையில் இனெஸ் அம்மா பேனாவோடு உட்கார்ந்திருப்பார். இந்த அமாவாசைக்கு என்ன ஆயிற்று, எடுக்கிற ஆள் எங்கே என்று கேட்பார். போய் நிற்கிற சபையில் அதற்குச் சகாதேவன்தான் பதில் சொல்லியாக வேண்டும்.