கூடாரத்துக்கும் இரண்டு ஸ்பீக்கர்

திருமுருகன் எதை வாங்கினாலும் முதலில் ஓர் உரை நிகழ்த்துவார். பெட்டியைப் பிரிப்பது அதற்குப் பிறகுதான். எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் சட்டி வந்தபோது அரைமணி நேரம் பேசினார். இந்தத் தீபாவளிக்கு வந்திருப்பது ஹோம் சினிமா. ஆகவே உரை ஒரு வாரமாக நடந்துகொண்டிருந்தது. கிள்ளானில் அவர் வீடு இருக்கும் தாமானின் குடியிருப்போர் சங்கத் தலைவர், கோவில் ஒலிபெருக்கிக் குழுத் தலைவர், சொந்த இன்சூரன்ஸ் ஏஜென்சிக்கும் தலைவர். ஏதாவது ஒன்றில் வெறும் உறுப்பினராக இருக்கச் சொன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அவர் மனைவி கௌசலாவுக்கு ஹோம் சினிமாவின் மேல் கோபமில்லை. மகள் சிந்து எடுத்த படத்தை அதில்தான் போடப்போகிறார் என்பதுதான் கவலை.

சிந்து பங்சாரில் ஒரு சின்ன விளம்பர அலுவலகத்தில் படத்தொகுப்பு செய்கிறாள். தீபாவளி முடிந்ததும் அதை விட்டுவிட்டு ஏஜென்சியில் வந்து உட்கார வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. கிள்ளானுக்குப் போகும் கடைசி கொமுட்டர் ரயிலை விட்டுவிட்ட ஒரு துப்புரவுக்காரம்மாவைப் பற்றி அவள் ஒரு குறும்படம் எடுத்திருந்தாள். ஒரு வருடச் சனி ஞாயிறெல்லாம் அதற்கே போனது.

"ஒரே ஒரு தடவ முழுசா பாருங்கப்பா. பாத்துட்டு வேணாம்னு சொன்னா ஏஜென்சிக்கு வரேன்."

"பாக்கறேன்லா. ஓப்பன் ஹவுஸ் அன்னைக்கே போடுவோம். எல்லாருக்கும் சிஸ்டமும் காட்டின மாதிரி இருக்கும்."

படம் சிஸ்டத்துக்கு ஊறுகாய் ஆனது இப்படித்தான்.

தீபாவளிக்கு ஊரையே அழைத்து விருந்து வைக்கும் ஓப்பன் ஹவுஸுக்கு வீட்டு முன்னால் கூடாரம் போட்டார்கள். உறவுக்காரர்கள் கூடத்தில் சோபாவில். முக்கியஸ்தர்கள் வெளியே கூடாரத்தில், துணி உறை போட்ட நாற்காலிகளில். சட்டமன்ற உறுப்பினரின் சிறப்பு அதிகாரி இராமலிங்கம் வருகிறார் என்று தெரிந்ததும் திருமுருகனுக்கு ஞானோதயம் வந்தது. கூடாரத்துக்கும் சத்தம் வேண்டும்! கோவில் ஸ்டோரிலிருந்து இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை இறக்கினார். கூடத்து ஸ்பீக்கர்களின் கம்பி சொருகியிருந்த அதே முனைகளில் இவற்றின் கம்பியையும் முறுக்கித் திணித்தார்.

உதவிக்கு வந்தவன் வாசு. பிரிக்ஃபீல்ட்ஸில் கைப்பேசி உறை விற்பவன். வாட்ஸ்அப் ஹைஃபை குழுவில் எல்லாரும் அவனைச் 'சீஃபு' என்பார்கள். குழுவில் குருவுக்கு அதுதான் பட்டம்.

கௌசலா பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் நடத்துகிறவள். ஆம்ப்ளிஃபையரின் முதுகைப் பார்த்தாள். ஆறு ஓமுக்குக் குறையக்கூடாது என்று அச்சடித்திருந்தது. கூடத்து ஸ்பீக்கர்களே ஆறு ஓம். பக்கத்தில் இன்னொரு ஜோடியையும் மாட்டினால் மின்சாரத்துக்கு இரண்டு வழி. மொத்தத் தடை ஏறக்குறைய பாதியாக விழும். ஆம்ப்ளிஃபையர் தன் சக்திக்கு மீறி மின்சாரத்தைக் கொட்டவேண்டும். முடியாதபோது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மனிதர்களைவிட அதற்கு வெட்கம் அதிகம்.

"ஏங்க, ரெண்டு ஜோடியையும் ஒரே முனையில மாட்டாதீங்க. இது தாங்காது."

"கௌசி, நீ சொல்றது ஸ்கூல் கரண்ட். இது ஆடியோ."

"கரண்டுக்கு ஸ்கூலு, ஆடியோன்னு தெரியுமா?"

வாசு கருணையோடு சிரித்தான். "அக்கா சொல்றது தியரிலா. மெனுவுல இம்பிடன்ஸ்னு ஒண்ணு இருக்கு. அத நாலு ஓமுல வெச்சாச்சு. முடிஞ்சுது."

"மெனுவுல நம்பர மாத்தினா வெளிய இருக்கற ஸ்பீக்கர் மாறிடுமா வாசு? அப்படி வெச்சா இது பவர இன்னும் கொறச்சுத்தான் குடுக்கும். நீங்க மாட்டியிருக்கறது அந்த நாலுக்கும் கீழ போவுது."

"நூத்தம்பது வாட்ஸ் அக்கா! ஒரு சேனலுக்கு!"

"பெட்டியில கீழ பொடி எழுத்துல போட்டிருக்கே, படிச்சியா? ஒரே ஒரு சேனல் ஓடுனா மட்டும் நூத்தம்பது. அதுவும் சத்தம் கரகரங்கற வரைக்கும் திருப்புனா."

"பொடி எழுத்தெல்லாம் யாரு படிப்பா?" என்றார் திருமுருகன்.

இதை அவர் சொன்னதில் வியப்பில்லை. இன்சூரன்ஸ்காரர் அவர். பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த வீட்டின் மாடியே எழும்பியிருந்தது.

மறுநாள் நண்பகலில் கூடம் நிறைந்தது. கூடாரத்தில் இராமலிங்கம் மட்டன் பிரியாணியோடு நடுநாற்காலியில் அமர்ந்திருந்தார். திருமுருகன் வாசற்படியில், இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி நின்று உரையாற்றினார். வாட்ஸ் வந்தது, அட்மாஸ் வந்தது, தங்கமுலாம் பூசிய முனை வந்தது. படம் எடுத்தவள் பெயர் கடைசியில், மூச்சு வாங்கும் இடத்தில் வந்தது.

படம் ஓடியது. காலி நடைமேடை. துப்புரவுக்காரம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்க்கிற மெல்லிய சத்தம். சிந்து சுவரோரம் நின்று நகத்தைக் கடித்தாள்.

"வெளிய பத்தல!" என்று கூடாரத்திலிருந்து யாரோ கத்தினார்கள். திருமுருகன் சத்தத்தை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். திரையில் ரயில் சீறிக்கொண்டு வந்தது. டக். ஆம்ப்ளிஃபையரின் முகத்தில் சிவப்பு விளக்கு கண்ணடித்தது. திரையில் துப்புரவுக்காரம்மா வாய் மட்டும் அசைந்து ஊமையாக நின்றாள்.

மறுபடி போட்டார். ரயில் வந்தது. டக்.

"வெயில்லா," என்றான் வாசு. "கரண்டு டர்ட்டி."

மூன்றாம் முறையும் டக் என்றதும் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு தன்மேல் விழப்போகிறது என்று தெரிந்ததும் திருமுருகன் நகர்ந்துகொண்டார். பின்னால் நின்றிருந்தவள் மகள்.

"சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்க எடுத்த படம்தானே, மிக்ஸிங் சரியில்ல. அதான் ஆம்ப்ளிஃபையர் ஏத்துக்க மாட்டேங்குது."

சிந்து படம் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியை மூடப் போனாள்.

"கைய எடு," என்றாள் கௌசலா. அந்தக் குரலை அவள் வகுப்பறைக்கு வெளியே பயன்படுத்தியதில்லை. கூடம் அடங்கியது.

"மிக்ஸிங்கா? ஒரு வருஷம் அந்தப் புள்ள தூங்காம செஞ்சத மிக்ஸிங் சரியில்லன்னு சொல்ல உங்களுக்கு வாய் கூசல? நேத்தே சொன்னேன். ஒரே முனையில ரெண்டு ஜோடி மாட்டாதீங்கன்னு சொன்னேன். அந்தாளு பிரியாணி திங்கும்போது சத்தம் கேக்கணும்னு பெத்த புள்ளய ஊமையாக்குறீங்க!"

"கௌசி, கெஸ்ட்டுங்க இருக்காங்க..."

"இருக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும். இதுக்கு ஸ்பீக்கர் வேணாம்."

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் அலமாரிக்குப் பின்னால் புகுந்தாள். மின்சாரத்தை அணைத்தாள். திருகைத் தளர்த்தினாள். கோவில் ஸ்பீக்கர் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி, சுருட்டி, ஜன்னல் வழியே எறிந்தாள். அவை சிறப்பு அதிகாரியின் பிரியாணித் தட்டில் போய் விழுந்தன.

"ஐயோ, ஐயா!" என்று திருமுருகன் வெளியே ஓடினார். வாசுவும் டார்ச்சோடு பின்னால் ஓடினான்.

கௌசலா மின்சாரத்தைப் போட்டாள். சத்தத்தை நிதானமான இடத்தில் நிறுத்தினாள். ரயில் வந்தது, நின்றது, போனது. சிவப்பு விளக்கு எரியவில்லை. வெளியே கேட்காததால் கூடாரத்துக்காரர்களும் தட்டும் கையுமாக உள்ளே வந்து, சுவரோரம், படியில், சமையலறை வாசலில் நெருக்கி நின்றார்கள். இராமலிங்கமும் வந்தார், சட்டையில் மசாலாவோடு. கடைசியில் துப்புரவு அம்மா காலணியைக் கழற்றிவிட்டுத் தண்டவாளம் ஓரமாக நடக்கத் தொடங்கியபோது, அவள் பாதத்தின் கீழ் சரளைக்கல் நெரிவது அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு மும்தாஜ் ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இராமலிங்கம் முதலில் கைதட்டினார்.

கைதட்டல் கேட்டுத்தான் திருமுருகன் உள்ளே வந்தார். அதுவரைக்கும் கூடாரத்து ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து, பட்டப்பகலிலும் வாசு காட்டிய டார்ச் வெளிச்சத்தில் கம்பியில் பழுது தேடிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று வணக்கம் சொல்லிக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்.

"வெளி லைன நானே கட் பண்ணச் சொல்லிட்டேன்," என்று அறிவித்தார். "இம்பிடன்ஸ் பிரச்சனை." பிறகு மகளிடம் திரும்பி, "படம் சூப்பர்லா. பேஸ் சத்தம் எப்படி இருந்துச்சு?"

சிந்துவின் கண் நிறைந்தது. "நீங்க பாக்கவே இல்லப்பா."

விருந்தினர்கள் முறுக்குப் பொட்டலங்களோடு கிளம்பியபின் கௌசலா கூடாரத்திலிருந்த உறை போட்ட நாற்காலியைத் தூக்கிவந்து திரைக்கு நேரே போட்டாள்.

"உட்காருங்க."

"கௌசி, கூடாரக்காரன் வந்துடுவான்..."

"வரட்டும். முழுசா பாக்கறேன்னு புள்ளகிட்ட வாக்கு குடுத்தீங்க. பாத்துட்டு, அப்புறம் சொல்லுங்க ஏஜென்சியப் பத்தி."

தலைவர் உட்கார்ந்தார். முதல்முறையாக அவர் ஒரு கூட்டத்தில் வெறும் உறுப்பினர். திரையில் காலி நடைமேடை வந்தது. அவர் கை ரிமோட்டைத் தேடியது.

"கௌசி, கொஞ்சம் ஏத்தினா..."

"வாய மூடிட்டுப் பாருங்க," என்றாள் கௌசலா. ரிமோட் அவள் கையில் இருந்தது.